ஈர மரத்துப் பூண்

பனிமய மாதா துணை

வெளித்துறை நங்கூரம்
12 ஜூன் 2024

அன்பு ஈவாவுக்கு,

நான் நலம். நீயும் ஸ்டெபியும் நலமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

என் போன் செத்து நாலு மாசம் ஆகிறது. கப்பலில் டீசல் இல்லை, அதனால் கரண்டும் இல்லை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர்ப் படகு வருகிறது. அதில் மாலுமிகள் இல்லத்துப் பாதரும் வருவார். இந்தக் கடிதத்தை அவர் கையில்தான் கொடுக்கிறேன். பதில் எழுதினால் உறையின் பின்னால் இருக்கும் அவர் விலாசத்துக்கு அனுப்பு. திட்டி எழுதினாலும் பரவாயில்லை. பாதருக்குத் தமிழ் தெரியாது.

முதலாளி கப்பலைக் கைவிட்டு ஓடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. இந்த நாட்டுக் கோர்ட்டு கப்பலைப் பிடித்து வைத்திருக்கிறது. ஏலம் போகிறவரை ஆளில்லாமல் விடக் கூடாது என்று உத்தரவு. பதினாலு பேர் இருந்தோம். ஒவ்வொருவராக ஊருக்கு விட்டார்கள், இப்போது ஃபிட்டர் நானும் ஆலந்தலை ஜெஸ்டினும்தான் மிச்சம். கரை கண்ணுக்குத் தெரிகிறது ஈவா, அதுதான் கொடுமை. சாயந்தரம் பச்சைப் பஸ் ஒன்று வளைவில் திரும்பும். ஜெஸ்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, அதுல ஏறுனா ஆலந்தலைக்கு எத்தன மணிக்குப் போவும்?" என்பான். "இடையில ஒரு கடல் கெடக்குலே" என்பேன். தினமும் இதே கேள்வி, இதே பதில். இரண்டு பேருக்கும் சலிக்கவில்லை.

அரிசி இருக்கிறது. பருப்பு இருக்கிறது. எலியும் இருக்கிறது. இரும்பெல்லாம் துரு ஏறி, கைவைத்த இடத்தில் சிவப்பாக ஒட்டுகிறது. மேல்தளத்தைச் சுற்றி நடப்பேன், பிறகு எதிர்ப்பக்கமாகச் சுற்றி நடப்பேன்.

போன வாரம் எஞ்சின் ஸ்டோரில் பழைய பேரிங்கிலிருந்து உரித்த ஒயிட்மெட்டல் கொஞ்சம் அகப்பட்டது. நம் பட்டறையில் ஊற்றுகிற பியூட்டருக்குச் சொந்தக்காரன்தான், பெரும்பங்கு வெள்ளீயம். விறகு மூட்டி உருக்கி, துடைப்பக் கம்பு ஒன்றின் நுனியில் பூண் ஊற்றிப் பார்த்தேன். கை மறக்கவில்லை.

உன் கண்ணைப் பற்றிக் கேட்க வேண்டும். அன்று உருகிய உலோகக் கரண்டியைப் பிடித்திருந்த கைதான் இதையும் எழுதுகிறது.

என்றும் உன்
பெனிஸ்டன்


பனிமய மாதா துணை

மாப்பிள்ளையூரணி
9 ஜூலை 2024

ஸ்டெபி அப்பாவுக்கு அன்புடன் ஈவா எழுதிக்கொள்வது,

கடிதம் கிடைத்தது. தபால்காரர் நீட்டியபோது வேறு யார் வீட்டுக்கோ வந்தது என்றுதான் நினைத்தேன். கரண்டு பில்லைத் தவிர நம் வீட்டுக்கு எது வருகிறது? நாலு மாசம் குரலே இல்லாமல் இருந்துவிட்டு இரண்டு தாளில் நலம் விசாரிக்கிறீர்கள். திட்டி எழுது என்று நீங்களே சொல்லிவிட்டதால் எனக்குத் திட்டுகிற ஆசையே போய்விட்டது. கெட்டிக்காரர்தான்.

கண்ணைப் பற்றி நானே சொல்கிறேன். வலி இல்லை. வாடைக் காற்று அடித்தால் மட்டும் குழிக்குள் ஊறல் எடுக்கும். வலது பக்கம் கண்ணாடிக் கண் வைத்துவிட்டார்கள். ஸ்டெபி அதற்குச் 'சோழி' என்று பெயர் வைத்திருக்கிறாள். "அம்மா, சோழியக் கழுவிட்டியா?" என்று பள்ளிக்கூடம் போகும்போது கேட்கிறாள். அவளுக்குப் பழகிவிட்டது. ஊருக்குத்தான் பழகவில்லை. கடைக்குப் போனால் என்னைப் பார்க்கிறார்கள், உடனே தராசைப் பார்க்கிறார்கள். அதனால் பூசைக்கும் விடியற்காலையிலேயே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்துவிடுகிறேன். கப்பலில் நீங்கள் சுற்றுகிறீர்கள் என்றால் இங்கே வீட்டுக்கும் பட்டறைக்குமாக நானும் அதையேதான் செய்கிறேன்.

ஆமாம், பட்டறைக்கு. நான் மறுபடியும் திறந்துவிட்டேன். கோபப்படாதீர்கள். ஆழ்வார்திருநகரி ராமானுஜன் சார் வந்திருந்தார். பழைய தோணி மரத்தில் கைப்பிடி வைத்த கத்தியையும் கைத்தடியையும் வெளிநாட்டில் இன்னும் அவரிடம் கேட்கிறார்களாம். "நீங்க முடியாதுன்னா வேற யாரையும் நான் கேக்கறதா இல்லம்மா" என்றார். முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன், முடியும் என்று வந்துவிட்டது.

முன்பு நான் மரத்தைப் பிடித்தேன், நீங்கள் ஊற்றினீர்கள். இப்போது ஊற்றுகிறவள் நான். பக்கத்து வீட்டுச் சந்தனமாரி அக்கா பிடிக்கிறாள். "ஏளா, நீ ஊத்துத ஊத்துல எங் கையும் போயிரும் போலுக்கு" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லுவாள், ஆனாலும் கையை எடுக்க மாட்டாள். கைப்பிடி நுனியைச் சுற்றி நீங்கள் செதுக்குவது போலவே மூன்று பள்ளம் வெட்டி, குறுக்கே இரண்டு துளை போடுகிறேன். அச்சுக்கு அட்டையை இறுக்கிச் சுற்றிக் கம்பி கட்டுகிறேன். எல்லாம் வருகிறது, ஊற்றுவதுதான் கஷ்டம். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் தெரிவதில்லை. காப்பி ஆற்றினாலே பாதி மேசையில்தான் விழும். அதனால் கரண்டி வாயை அட்டை விளிம்பில் முட்டவைத்துவிட்டுத்தான் சாய்க்கிறேன். முதல் பத்து வீண். பதினொன்றாவது நின்றது. துளைக்குள்ளும் ஓடி இறுகிவிட்டது. இனி மரத்தை எரித்தால்தான் அதைக் கழற்ற முடியும்.

தோணி மரம் உப்புக் குடித்த மரம், கொண்டல் காற்று அடித்தால் காய்ந்ததுகூட ஒரே இரவில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்று நீங்கள் சொன்னது மறக்கவில்லை. பழைய பிரிட்ஜ் பெட்டிக்குள் நூறு வாட்ஸ் பல்பு போட்டு அதில்தான் துண்டுகளை அடுக்கி வைத்திருக்கிறேன்.

மாதா கோயில் கொடியேற்றம் வருகிறது. ஸ்டெபி ராட்டினத்துக்கு உங்களோடுதான் போவேன் என்கிறாள். எப்போது வருவீர்கள்? வேறு எதுவும் எழுத வேண்டாம், இதற்குப் பதில் எழுதினால் போதும்.

அன்புடன்
ஈவா


பனிமய மாதா துணை

வெளித்துறை நங்கூரம்
20 ஆகஸ்ட் 2024

அன்பு ஈவாவுக்கு,

நீ கரண்டியைத் தொடுகிறாய் என்று படித்ததும் தாளை மடித்து வைத்துவிட்டேன். மீதியைப் படிக்க இரண்டு நாள் ஆனது. ஊற்றாதே என்று சொல்ல எனக்கு முகம் ஏது? அதனால் இதை மட்டும் சொல்கிறேன். பல்புப் பெட்டியை நம்பாதே. ஊற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு துண்டையும் கன்னத்தில் வைத்துப் பார். கை பொய் சொல்லும், கன்னம் சொல்லாது. காய்ந்த மரம் சும்மா இருக்கும், ஈர மரம் ஜில்லென்று இருக்கும். ஜில்லென்று இருந்தால் யார் அவசரப்படுத்தினாலும் தள்ளி வைத்துவிடு. அடியில் கிடக்கிற ஈரம் ஆவியாகி மேலே இருக்கிற அத்தனை உலோகத்தையும் தூக்கி எறிந்துவிடும்.

அன்றைக்கு நான் கன்னத்தில் வைத்துப் பார்க்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், சரக்கு வண்டி வாசலில் நிற்கிறது, நீயும் நானும் பேசிக்கொண்டே வேலை செய்கிறோம். அந்த ஒரு துண்டைப் பார்க்காமல் விட்டுவிட்டேன், அதுதான் உன் கண்ணில் தெறித்தது. தப்பு என்னுடையது. ஆறு வருஷம் ஊற்றியவன் செய்யக் கூடாத தப்பு.

எப்போது வருவேன் என்று கேட்டாய். கோர்ட்டு ஒரு ஆளை விடச் சம்மதித்தது. சீட்டுப் போட்டுப் பார்த்தோம். ஜெஸ்டின் பேர் வந்தது. அவன் பிள்ளைக்கு எட்டு மாசம், இன்னும் முகம் பார்த்ததில்லை. நல்லதுதான் நடந்தது என்று வைத்துக்கொள். ஆனால் கடைசி ஆளாக ஒருவன் இருந்தே ஆக வேண்டுமாம், அது நான். ஏலம் எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஜெஸ்டின் கையில் ஒரு சின்னக் கத்தி கொடுத்து விடுகிறேன். கைப்பிடி இங்கே கிடைத்த தேக்கு. பூண் நான் ஊற்றியது. பிடிக்க ஆள் இல்லாமல் வைஸ் இடுக்கியில் கவ்வவைத்து ஊற்றினேன், அதனால் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். வெங்காயம் நறுக்க வைத்துக்கொள்.

ஸ்டெபியை ராட்டினத்துக்கு நீயே கூட்டிப் போயிருப்பாய் என்று நினைக்கிறேன். இப்போது பஸ் வளைவில் திரும்பும்போது கேள்வி கேட்க ஆள் இல்லை.

உன்
பெனிஸ்டன்


பனிமய மாதா துணை

மாப்பிள்ளையூரணி
6 அக்டோபர் 2024

ஸ்டெபி அப்பாவுக்கு,

ஜெஸ்டின், பெண்டாட்டி பிள்ளையோடு வந்திருந்தான். உங்கள் கத்தியை லுங்கியில் சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தான். நான் அவனுக்கு மீன் பொரித்துப் போட்டேன். சாப்பிட்டுக்கொண்டே இருந்தவனிடம், சீட்டு உன் பேருக்கு விழுந்தது மாதாவின் புண்ணியம் என்றேன். அவன் முழித்தான்.

"சீட்டா? என்ன சீட்டு மைனி? கோர்ட்டுல அண்ணன் பேருதான் மொத வந்துச்சி. அண்ணந்தான் பாதர்ட்ட சொல்லி என் பேர எழுத வச்சாவ" என்றான். அவன் பெண்டாட்டி தொடையில் கிள்ளினாள். வாயில் சோறு இருந்ததால் அவனுக்கு உறைக்கவில்லை. "இப்பமும் ஒண்ணும் கெட்டுப் போவல மைனி. காவலுக்கு அந்த ஊர் ஆளையே போட்டுக்கிடலாம்னு கோர்ட்டு சொல்லிட்டு. பாதர் தாள் கொண்டாந்து குடுத்திருக்காரு. அண்ணன் ஒரு கையெழுத்துப் போட்டா பதினஞ்சு நாள்ல ஊருக்கு வந்துரலாம். பொறவு போடுதேன், பொறவு போடுதேன்னு சொல்லுதாவ."

பாதர் தன் போனில் என்னோடு பேசச் சொன்னாராம். தொண்டை கட்டியிருக்கிறது என்றீர்களாம். ஏழு தடவையும் தொண்டை கட்டியிருந்ததா?

எனக்கு வந்த கோபத்தில் மூன்று வாரம் பேனாவைத் தொடவில்லை. இரக்கப்பட்டு ஜெஸ்டினுக்கு விட்டுக்கொடுத்தீர்கள், சரி. அதற்குப் பிறகு? உங்களை அங்கே யார் கட்டிப் போட்டிருக்கிறார்கள்? நான் இங்கே கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கோர்ட்டுக்கு மனம் இரங்க வேண்டும் என்று ஜெபமாலை உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

பிறகு கோபம் அடங்கி யோசித்தேன். நீங்கள் என் முகத்துக்குப் பயந்துதான் அங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். அப்படியானால் நான் இத்தனை நாள் சொல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

அன்றைக்குப் பன்னிரண்டு கைப்பிடி வேண்டும். காய்ந்த அடுக்கில் பதினொன்றுதான் இருந்தது. பன்னிரண்டாவதைப் புது அடுக்கிலிருந்து எடுத்தவள் நான். ஈரம் என்று தெரிந்தேதான் எடுத்தேன். ஒரு துண்டுதானே, என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். "எல்லாம் காஞ்சதுதானா?" என்று கேட்டீர்கள். "காஞ்சதுதான், ஊத்துங்க. கன்னத்துல வச்சிக் கொஞ்சிக்கிட்டே இருந்தா வண்டி போயிரும்" என்றேன். நான் கட்டிய அட்டை, நான் எடுத்த மரம். நீங்கள் என்னை நம்பி ஊற்றினீர்கள்.

ஆஸ்பத்திரியில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீங்கள் அழுதபோதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கண்ணும் போய், குற்றமும் என்னுடையது என்றால் என்னால் தாங்க முடியாது என்று இருந்தது. அதன்பிறகு நீங்கள் எனக்குச் சோறு பிசைந்து தந்தீர்கள், தலை வாரிவிட்டீர்கள், நான் என்ன சொன்னாலும் சரி என்றீர்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது எனக்குப் பிடித்திருந்தது. மூன்றாம் மாசம் கப்பலுக்குப் போகிறேன் என்று பெட்டியைக் கட்டினீர்கள். அப்போதும் வாசலில் நின்றேனே தவிர வாயைத் திறக்கவில்லை.

இப்போது சொல்லிவிட்டேன். தப்பு என்னுடையது. கையெழுத்தைப் போட்டுவிட்டு வாருங்கள்.

ஈவா


வெளித்துறை நங்கூரம்
17 நவம்பர் 2024

ஈவாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். நீ எனக்குக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறாய். ஒன்றும் பேசாமல் வெளியே வந்துவிடலாம். நீ காலமெல்லாம் உன்னையே நொந்துகொண்டு எனக்கு மீன் பொரித்துப் போடுவாய். போன படகில் பாதர் தாளையும் பேனாவையும் மேசையில் வைத்துவிட்டுப் போனார். 'பெ' வரை எழுதினேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

நான் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன் ஈவா.

பார்க்கவில்லை என்று எழுதியது பொய். நீ கம்பி எடுக்க அந்தப் பக்கம் திரும்பியபோது அந்தத் துண்டைக் கையில் எடுத்தேன். கனமாக இருந்தது. கன்னத்தில் வைத்தேன். கிணற்றுச் சுவர் மாதிரி ஜில்லென்று இருந்தது. புது அடுக்கு என்று அப்போதே தெரிந்துவிட்டது. நீ பொய் சொல்கிறாய் என்றும் தெரிந்தது.

காலையிலிருந்து சண்டை. உங்களுக்குப் பட்டறை நடத்தத் தெரியாது, மரத்தைக் கொஞ்சத்தான் தெரியும் என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாய். எனக்குள் ஒரு பிசாசு புகுந்தது. சரி, ஊற்று என்கிறாளா, ஊற்றுகிறேன். கொப்புளிக்கட்டும், பூண் பொத்தலாகட்டும், துண்டு வீணாகட்டும், வண்டி போகட்டும், அப்போதுதான் இவளுக்கு உறைக்கும் என்று நினைத்தேன். தள்ளி வைக்க வேண்டிய துண்டை உன் கையில் கொடுத்து, பிடி என்றேன். கொஞ்சம் தெறிக்கும், உன் கையுறையில் படும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். நீ குனிவாய் என்று நினைக்கவில்லை.

இல்லை. அதையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். நீ எப்போதும் குனிவாய். அட்டை வாய் நிறைகிறதா என்று பார்க்க ஆறு வருஷமாக ஒவ்வொரு துண்டுக்கும் குனிந்தாய். அது எனக்குத் தெரியும். அந்த நிமிஷத்தில் நான் ஜெயிப்பதை மட்டும்தான் பார்த்தேன், உன்னைப் பார்க்கவில்லை.

இதைத்தான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இதை வைத்துக்கொண்டுதான் உனக்குச் சோறு பிசைந்தேன். தாங்க முடியாமல்தான் கப்பலுக்கு ஓடினேன். இங்கே மாட்டிக்கொண்டபோது மற்றவர்கள் எல்லாம் தலையில் அடித்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் ஒரு பாரம் இறங்கியது போல இருந்தது. இங்கே இருக்கும்வரை நான் சிக்கிக்கொண்ட மனிதன், எல்லாரும் பாவப்படுவார்கள். ஊருக்கு வந்தால் நான் யார்?

ஈர மரத்தை நீ எடுத்தாய் என்பது உண்மை. தெரிந்தே ஊற்றியவன் நான். இதற்குப் பிறகு நீ வா என்று சொல்ல மாட்டாய். பதில் வராவிட்டால் புரிந்துகொள்கிறேன்.

பெனிஸ்டன்


மாப்பிள்ளையூரணி
21 டிசம்பர் 2024

பெனிஸ்டனுக்கு,

உங்கள் பெயரைச் சொல்லி நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. மேலே மாதா துணை என்றும் எழுதவில்லை. நீங்களும் எழுதவில்லை. இதில் அவளை இழுக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தைப் பட்டறையில் நின்றுகொண்டே படித்தேன். படித்து முடித்து நேரே அடுப்படிக்குப் போய் நீங்கள் அனுப்பிய கத்தியை எடுத்தேன். பூண் இருந்த பக்கத்தை அடுப்பில் காட்டினேன். உங்கள் பூண் உருகி ஒழுகியது. உள்ளே நீங்கள் வெட்டிய பள்ளங்கள் கரிந்து நின்றன. தூக்கிக் குப்பையில் போடத்தான் போனேன். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து அலமாரியில் வைத்தேன். ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது.

மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு வரவில்லை. நான் ஒரு துண்டு மரத்தில் ஏமாற்றினேன். நீங்கள் தெரிந்தே என் கையில் கொடுத்துப் பிடி என்றீர்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது. நாலு இரவு ஸ்டெபி பக்கத்தில் படுத்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதேன். ஐந்தாம் நாள் எழுந்து ஐந்து கைப்பிடிக்குப் பூண் ஊற்றினேன். ஐந்தும் நின்றது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நீங்கள் அங்கே உட்கார்ந்திருப்பதைத் தண்டனை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? அது தண்டனை இல்லை, ஒளிந்துகொள்வது. நீங்கள் அங்கே ஒளிந்திருக்கிறவரை நான் இங்கே சிக்கிக் கிடக்கிறேன். புருஷன் கடலில் மாட்டிக்கொண்டவள் என்று கடைக்காரர்கூட எனக்கு ஒரு பிடி அதிகமாகப் போடுகிறார். என்னால் கோபப்படக்கூட முடியவில்லை. கண்ணுக்கு எட்டாத ஆளை எப்படித் திட்டுவது? இரண்டு வருஷமாக எனக்குச் சேர வேண்டிய ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. அதை நீங்கள் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

பாதருக்குப் போன் போட்டேன். ஸ்டெபிதான் இங்கிலீஷில் பேசினாள். 'பெ' வரை எழுதிய தாள் செல்லாதாம், அடுத்த படகில் புதுத் தாள் கொண்டுவருவாராம். இந்தக் கடிதமும் அதே படகில்தான் உங்கள் கைக்கு வரும். தொண்டை கட்டியிருந்தாலும் கையெழுத்துப் போடலாம் என்று அவரிடம் சொல்லச் சொன்னேன். அவர் சிரித்தாராம்.

சந்தனமாரி அக்கா பொங்கல் கழித்து மகள் பேறுகாலத்துக்கு ஆறுமுகநேரி போகிறாள். ஆறு மாசம் வர மாட்டாள். ராமானுஜன் சார் அறுபது கைத்தடி கேட்டிருக்கிறார். எனக்கு மரத்தைப் பிடிக்க ஆள் வேண்டும்.

வைத்த இடத்திலேயே அந்தக் கத்தி இருக்கிறது. கரிந்த பாகத்தைச் செதுக்கி, பள்ளத்தை இன்னும் கொஞ்சம் ஆழமாக வெட்டி வைத்திருக்கிறேன். அதற்குத்தான் முதலில் ஊற்ற வேண்டும். முகம் முழுக்க மறைக்கிற கண்ணாடி மூடி இரண்டு வாங்கியிருக்கிறேன், ஒன்று உங்கள் அளவு. மரத்தை இனிமேல் என் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். காய்ந்ததா இல்லையா என்று உங்களிடம் சொல்ல மாட்டேன்.

நான் ஊற்றுவேன். நீங்கள் குனிந்து பிடிக்க வேண்டும். முடியும் என்றால் வாருங்கள்.

ஈவாஞ்சலின்